ஜன்னல், ஆப்பிள், பெங்குவின்: எதுக்குப் பூட்டு பெரிசு?

சொந்தபந்தத்தில் யாராவது கம்ப்யூட்டர் வாங்கப் போகிறார்கள் என்றால் எனக்கு ஒரு போன் வந்துவிடும். நான் கம்ப்யூட்டர் படித்தவனெல்லாம் இல்லை. பார்ப்பது கணக்கு எழுதுகிற வேலை. ஆனால் 2001-ல் இருந்து வீட்டில் பொட்டியைக் கழட்டி மாட்டிக்கொண்டே இருப்பதால் "அவன்கிட்ட கேளு, அவனுக்குத் தெரியும்" என்று பெயர் வாங்கியாச்சு. கேள்வியும் எப்போதும் ஒன்றுதான். "எதுப்பா சேஃப்? விண்டோஸா, மேக்கா, இல்ல லினக்ஸ்னு ஏதோ சொல்றாங்களே அதுவா?"

இதற்கு ஒரே வார்த்தையில் பதில் சொல்ல நிறைய பேர் இருக்கிறார்கள். மேக் வைத்திருப்பவர் "மேக்குக்கு வைரஸே வராது" என்பார். லினக்ஸ் ஆசாமி பதில்கூட சொல்ல மாட்டார், கேட்டவரைப் பாவமாகப் பார்ப்பார். (லினக்ஸ் நண்பர்கள் கோவிச்சுக்காதீங்க, நானும் உங்க கட்சிதான், ஆனா பாதி நேரம்.) விண்டோஸ்காரர் "ஆண்டிவைரஸ் போட்டிருக்கேன் சார்" என்பதோடு முடித்துக்கொள்வார். மூன்று பதிலிலும் கொஞ்சம் கொஞ்சம் உண்மை இருக்கு. ஆனால் எதையும் நம்பி ஒருத்தருடைய பென்ஷன் பணத்தை வைக்க முடியாது. அதனால் கொஞ்சம் பழைய கதையில் இருந்து வருகிறேன். பொறுமையாகப் படிங்க.

2003 ஆகஸ்ட். பிரவுசிங் சென்டரில் மணிக்கு இவ்வளவு என்று கொடுத்து உட்கார்ந்தவர்களுக்கு ஞாபகம் இருக்கலாம். நாம பாட்டுக்கு மெயில் பார்த்துக்கொண்டிருப்போம். திடீர்னு ஒரு பெட்டி வந்து நிற்கும். இன்னும் 60 வினாடியில் இந்தக் கம்ப்யூட்டர் அணையப் போகுது என்று சொல்லி, 59, 58 என்று எண்ண ஆரம்பிக்கும். அதுதான் பிளாஸ்டர். எதையும் கிளிக் பண்ண வேண்டாம், எந்த மெயிலையும் திறக்க வேண்டாம். விண்டோஸ் எக்ஸ்.பி. வைத்துக்கொண்டு இணையத்தில் சும்மா இருந்தாலே போதும், தானாக உள்ளே வரும்.

அதற்கு முன்னால் 2000 மே மாதம் வந்த 'ஐ லவ் யூ' வைரஸுக்காவது நம்ம பக்கத்தில் இருந்து ஒரு ஒத்துழைப்பு தேவைப்பட்டது. காதல் கடிதம் என்று நினைத்து நாமே திறக்கணும். கோப்பின் பெயரில் கடைசி மூணு எழுத்தை விண்டோஸ் வழக்கமாக மறைத்து வைக்கும். அதனால் அது வெறும் டெக்ஸ்ட் கோப்பு மாதிரியே தெரிந்தது, உண்மையில் உள்ளே இருந்தது ஓடக்கூடிய ஒரு புரோகிராம். பிலிப்பைன்ஸில் கிளம்பி உலகம் பூரா சுற்றி வந்தது. தெரிந்தவர் பெயரிலேயே வந்த காதல் கடிதத்தை அத்தனை ஆபீஸ்களில் அத்தனை பேர் திறந்திருக்கிறார்கள். சரி, அது வேற விஷயம்.

பிளாஸ்டருக்குத் திரும்பலாம். அந்தப் புழு நுழைந்த ஓட்டையை அடைக்கிற ஒட்டு, அதாவது பேட்ச், 2003 ஜூலை 16-ந் தேதியே மைக்ரோசாஃப்டிடம் இருந்து வந்துவிட்டது. புழு வெளியே வந்தது ஆகஸ்ட் 11. நடுவில் கிட்டத்தட்ட நாலு வாரம். 2008-ல் கான்ஃபிக்கர் என்று ஒன்று வந்து பென்டிரைவ் வழியாகவெல்லாம் ஊர் சுற்றியதே, அதற்கும் இதே கதைதான். ஒட்டு அக்டோபர் 23, புழு நவம்பரில். 2017-ல் வான்னாக்ரை. கோப்புகளையெல்லாம் பூட்டிவிட்டு 300 டாலருக்கு பிட்காயின் கொடு என்று கேட்டது. பிரிட்டனில் அரசு ஆஸ்பத்திரிகளே நோயாளிகளைத் திருப்பி அனுப்ப வேண்டியதாயிற்று. அதற்கான ஒட்டு மார்ச் 14-ந் தேதி வந்திருந்தது. தாக்குதல் மே 12.

மூன்று தடவையும் மருந்துதான் முதலில் வந்தது, நோய் அப்புறம் வந்தது. இதில் ஒரு வேடிக்கையும் உண்டு. ஒட்டு வெளியானதும் திருடன் முதலில் அதைத்தான் பிரித்துப் படிப்பான். எந்த இடத்தில் ஒட்டியிருக்கிறார்கள் என்று பார்த்தால் ஓட்டை எங்கே இருந்தது என்று தெரிந்துவிடும். ஒட்டு போடாத வீடுகளைத் தேடிப் போனால் வேலை சுலபம்.

சரி, நம்ம ஊரில் ஏன் போடவில்லை? முதல் காரணம் டயல்-அப். போன் பில்லைப் பார்த்துப் பயந்துகொண்டே இணையத்தில் இருக்கும்போது யார் அத்தனை எம்.பி. இறக்குவது? இரண்டாவது காரணத்தை யாரும் வெளியே சொல்ல மாட்டார்கள், நான் சொல்கிறேன். முக்கால்வாசி வீடுகளில் இருந்தது கடைக்காரர் கம்ப்யூட்டரோடு சும்மா போட்டுக் கொடுத்த எக்ஸ்.பி. அப்டேட்டைத் திறந்து வைத்தால், இது ஒரிஜினல் இல்லை என்று திரையில் நட்சத்திரம் போட்டுக் காட்டிவிடும் என்று பயம். சர்வீஸ் பண்ண வருகிற தம்பி முதல் வேலையாக அப்டேட்டை அணைத்துவிட்டுத்தான் டீ குடிப்பார். இத்தனைக்கும் முக்கியமான பாதுகாப்பு ஒட்டுகளை ஒரிஜினல் இல்லாதவர்களுக்கும் மைக்ரோசாஃப்ட் தானியங்கி அப்டேட்டில் கொடுத்துக்கொண்டுதான் இருந்தது. யார் அதெல்லாம் விசாரித்தார்கள்?

இது அப்டேட் கதை. எக்ஸ்.பி.யில் இதைவிடப் பெரிய ஓட்டை ஒன்று இருந்தது, அதை ஓட்டை என்றே யாரும் நினைக்கவில்லை. கம்ப்யூட்டரை முதல் தடவை ஆன் பண்ணி நம்ம பெயரைக் கொடுத்தோமே, அந்தப் பெயர் தானாகவே நிர்வாகி ஆகிவிடும். அப்புறம் நாம ஓட்டுகிற எல்லா புரோகிராமும் நிர்வாகியாகத்தான் ஓடும். பாட்டு கேட்கிற புரோகிராமுக்கும் பீரோ சாவி, சீட்டாட்டத்துக்கும் பீரோ சாவி, தப்பித் தவறி வந்த வைரஸுக்கும் அதே பீரோ சாவி.

லினக்ஸும் மேக்கும் யூனிக்ஸ் வம்சம். யூனிக்ஸ் 1970-களில் பல பேர் ஒரே இயந்திரத்தைப் பகிர்ந்துகொண்ட காலத்தில் வளர்ந்தது. அடுத்தவன் கோப்பில் இவன் கை வைக்கக் கூடாது, இயந்திரத்தின் அடித்தளத்தில் யாருமே கை வைக்கக் கூடாது என்பது ஆரம்பத்திலேயே அதன் ரத்தத்தில் இருந்தது. விண்டோஸ் வீட்டில் ஒருத்தர் தனியாக உட்கார்ந்து தட்டுகிற கம்ப்யூட்டரில் இருந்து வந்தது. என்.டி. குடும்பத்தில் இந்த ஏற்பாடெல்லாம் உள்ளுக்குள் இருந்தாலும், பழைய புரோகிராம்கள் ஓடாமல் போய்விடக் கூடாதே என்று வீட்டு ஆட்களுக்குக் கதவைத் திறந்தே வைத்தார்கள்.

2002 ஜனவரியில் பில் கேட்ஸ் கம்பெனி முழுக்க ஒரு கடிதம் அனுப்பினார். புது வசதியா பாதுகாப்பா என்று வந்தால் பாதுகாப்பைத்தான் பார்க்கணும் என்பது சாரம். அதன் பலன் மெதுவாகத்தான் வந்தது. 2004-ல் சர்வீஸ் பேக் 2 வந்தபோது ஃபயர்வால் தானாகவே ஆன் ஆகி வந்தது. 2007-ல் விஸ்டா வந்தது. ஏதாவது முக்கியமான இடத்தில் கை வைத்தால் திரையை இருட்டாக்கி "நிஜமாவா?" என்று கேட்டது. எத்தனை திட்டு! எனக்குத் தெரிந்த பாதிப்பேர் அந்தக் கேள்வியையே அணைத்து வைத்தார்கள். விஸ்டாவை எல்லோரும் கிண்டல் அடித்தார்கள், நானும் அடித்தேன். அந்த ஒரு விஷயத்தில் மட்டும் அது செய்தது சரி என்றுதான் இன்றைக்கும் சொல்வேன். 2012-ல் விண்டோஸ் 8 வந்தபோது டிஃபெண்டர் ஒரு முழு ஆண்டிவைரஸாகவே உள்ளே வந்துவிட்டது. அதற்கப்புறம் வீட்டு உபயோகத்துக்குக் காசு கொடுத்து ஆண்டிவைரஸ் வாங்க நான் யாருக்கும் சொன்னதில்லை.

ஆண்டிவைரஸ் என்றதும் இன்னொன்று. பாதுகாப்பு மென்பொருள் என்றாலே நல்லது, எவ்வளவு அதிகமோ அவ்வளவு நல்லது என்று ஒரு எண்ணம் இருக்கிறது. 2024 ஜூலை 19-ந் தேதி நடந்ததைப் பாருங்க. கிரவுட்ஸ்ட்ரைக் என்கிற பாதுகாப்பு மென்பொருள் ஒரு தப்பான அப்டேட் அனுப்பி, மைக்ரோசாஃப்ட் கணக்குப்படியே 85 லட்சம் விண்டோஸ் இயந்திரங்கள் நீலத் திரையோடு படுத்தன. நம்ம ஊர் விமான நிலையங்களில் போர்டிங் பாஸைப் பேனாவால் எழுதிக் கொடுத்தார்கள். அது கம்பெனிகளுக்கான சாமான், வீட்டுக்கு வருவதில்லை. ஆனாலும் காவல்காரனுக்கும் வீட்டின் எல்லா அறைச் சாவியும் கொடுத்துத்தான் வைத்திருக்கிறோம் என்பதை அன்றைக்குப் பார்த்தோம்.

இப்போ ஆப்பிள் பக்கம் வரலாம்.

2006-ல் ஆப்பிள் ஒரு விளம்பரம் ஓட்டியது. ஒருத்தர் பி.சி., இன்னொருத்தர் மேக். பி.சி. தும்மிக்கொண்டே வருவார், வைரஸ் பிடிச்சிருக்காம். மேக் ஜம்மென்று நிற்பார். பார்க்க நல்லாத்தான் இருக்கும். ஆனால் மேக்குக்கு வைரஸ் வராததற்கு யூனிக்ஸ் வம்சம் மட்டும் காரணம் இல்லை. அப்போது மேக் வைத்திருந்தவர்கள் ரொம்பக் கம்மி. நூறு வீட்டுத் தெருவில் தொண்ணூறு வீட்டில் ஒரே மாதிரிப் பூட்டு என்றால் திருடன் எந்தப் பூட்டுக்குக் கள்ளச்சாவி செய்வான்?

2012-ல் அந்த மாயை கலைந்தது. ஃபிளாஷ்பேக் என்ற நிரல் ஆறு லட்சம் மேக்குகளுக்கு மேல் புகுந்தது. நுழைந்த வழி ஜாவாவில் இருந்த ஒரு ஓட்டை. ஆரக்கிள் அதற்கான ஒட்டைப் பிப்ரவரியிலேயே கொடுத்துவிட்டது. மேக்குக்கான ஜாவாவை அப்போது ஆப்பிளே தன் கையால் கொடுத்துக்கொண்டிருந்ததால், அது மேக்குக்கு வந்து சேர ஏப்ரல் ஆகிவிட்டது. மறுபடியும் பாருங்க, மருந்து இருந்தது, கைக்கு வரவில்லை. அந்த வருஷம்தான் ஆப்பிள் தன் தளத்தில் பி.சி. வைரஸ் வராது என்று எழுதி வைத்திருந்த வரியைச் சத்தமில்லாமல் மாற்றியது.

அதைவிடக் கூத்து 2017 நவம்பரில். ஹை சியரா என்ற பதிப்பில், பயனர் பெயர் இருக்கிற இடத்தில் 'ரூட்' என்று தட்டி, பாஸ்வேர்டை காலியாகவே விட்டு ரெண்டு மூணு தடவை அழுத்தினால் கதவு திறந்துவிட்டது. ரூட் என்றால் யூனிக்ஸ் வம்சத்தில் சர்வ அதிகாரி. வம்சப் பெருமை பேசுகிற வீட்டில் தாத்தா பெயரைச் சொன்னாலே பீரோ திறக்கிற மாதிரி! மறுநாளே ஒட்டு கொடுத்துவிட்டார்கள், அதையும் சொல்லணும்.

மேக்கை மட்டம் தட்டுகிறேன் என்று நினைக்க வேண்டாம். 2012-ல் இருந்தே கேட்கீப்பர் என்று ஒரு ஏற்பாடு, முன்பின் தெரியாத ஆள் எழுதின புரோகிராமைத் திறக்க விடாமல் மறிக்கும். 2015-ல் இருந்து அடித்தளக் கோப்புகளில் நிர்வாகியே கை வைக்க முடியாது. இதெல்லாம் நிஜமான பூட்டுகள். பணம் இருந்தால் வாங்குங்க, தப்பே இல்லை. செகண்ட் ஹேண்டில் மட்டும் ஜாக்கிரதை. இன்டெல் சிப் போட்ட பழைய மேக் சல்லிசாகக் கிடைக்கும். 2025-ல் வந்த டாஹோதான் இன்டெல் மேக்குகளுக்குக் கடைசிப் பதிப்பு என்று ஆப்பிளே சொல்லிவிட்டது. மேல் அழகைப் பார்த்து வாங்கினால் சீக்கிரமே ஒட்டு வராத பொட்டியாகிவிடும்.

பெங்குவினுக்கு வருவோம். நான் வீட்டில் லினக்ஸ் மின்ட், ஆபீஸில் விண்டோஸ். டேலி ஓடணுமே, வேற வழியில்லை. ஜி.எஸ்.டி.க்குக் கையெழுத்துப் போடுகிற அந்த யு.எஸ்.பி. டோக்கன் இருக்கிறதே, அதை மின்ட்டில் ஓட வைக்க எனக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுசாகப் போனது. பாதுகாப்பு எவ்வளவு இருந்தாலும் வேலை நடக்காத கம்ப்யூட்டரை வைத்து என்ன செய்வது?

லினக்ஸில் எனக்குப் பிடித்தது, சாமான் வாங்க ஒரே கடைதான். ஏதாவது புரோகிராம் வேண்டுமென்றால் அந்த லினக்ஸ்காரர்களே பார்த்துச் சேர்த்து வைத்திருக்கிற கிடங்கில் இருந்துதான் எடுப்போம். கண்ட தளத்தில் இறக்கி, நெக்ஸ்ட் நெக்ஸ்ட் என்று அழுத்தி, கூடவே நாலு டூல்பாரையும் வீட்டுக்குக் கூட்டி வருகிற பழக்கம் அங்கே கிடையாது. ஒரு கட்டளை கொடுத்தால் ஓ.எஸ்., பிரவுசர், மற்ற சாமான் எல்லாமே சேர்ந்து அப்டேட் ஆகும். வீட்டு ஆட்களுக்கு இதைவிடப் பெரிய பாதுகாப்பு வேறு எதுவும் இல்லை என்பது என் அபிப்பிராயம்.

அதற்காக அங்கே திருட்டே நடக்காது என்று இல்லை. 2016 பிப்ரவரியில் லினக்ஸ் மின்ட்டின் தளத்துக்குள்ளேயே புகுந்து, இறக்குகிற சுட்டியை மாற்றிவிட்டார்கள். அன்றைக்கு அங்கே போய் இறக்கினவர்களுக்குக் கொல்லைப்புறக் கதவு வைத்த மின்ட் கிடைத்தது. கடையில் வாங்கினாலும் மூட்டையைப் பிரித்துப் பார்த்துத்தான் வாங்கணும் போல. 2024 மார்ச்சில் நடந்தது இதைவிட வயிற்றைக் கலக்குகிற விஷயம். எக்ஸ்.இசட். என்று கோப்பைச் சுருக்குகிற ஒரு சின்ன நிரல்தொகுப்பு, கிட்டத்தட்ட எல்லா லினக்ஸிலும் இருக்கும். அதைப் பராமரிக்க உதவி செய்கிறேன் என்று ஒருத்தர் வந்து, ரெண்டு வருஷத்துக்கு மேல் ஒழுங்காக வேலை செய்து, நம்பிக்கை சம்பாதித்து, கடைசியில் உள்ளே ஒரு ரகசியக் கதவை வைத்துவிட்டார். பிடித்தது யார் தெரியுமா? ஆண்ட்ரெஸ் ஃப்ராயண்ட் என்கிற ஒரு டேட்டாபேஸ் ஆசாமி. தன் சோதனை இயந்திரத்தில் லாகின் ஆக அரை வினாடி அதிகமாக ஆகுதே, ஏன் என்று தோண்டிப் பார்த்திருக்கிறார். அரை வினாடி! நாமெல்லாம் அரை மணி நேரம் சுற்றினாலும் 'நெட் ஸ்லோ' என்று விட்டுவிடுகிற ஆட்கள். அவர் வேலை பார்த்தது மைக்ரோசாஃப்டில். லினக்ஸ் ஆசாமிகள் அன்றைக்கு ஒரு நாள் வாயைத் திறக்கவில்லை :-)

நல்லவேளை, அது பெரும்பாலும் சோதனைப் பதிப்புகளில் இருந்தபோதே பிடிபட்டது. மூலநிரல் எல்லோர் கண்ணுக்கும் திறந்திருந்ததால்தான் அவரால் தோண்ட முடிந்தது என்பது ஒரு கட்சி. திறந்திருந்தும் ஒருத்தர்கூட அதுவரை பார்க்கவில்லையே என்பது இன்னொரு கட்சி. ரெண்டு பேர் சொல்வதும் நிஜம்தான்.

இவ்வளவு சொன்னதில் ஒன்றை விட்டுவிட்டேன். நிர்வாகி வேறு, பயனர் வேறு என்று பிரித்து வைப்பதைப் பெரிசாகச் சொன்னேன் அல்லவா? அது காப்பாற்றுவது ஓ.எஸ்ஸை. ஓ.எஸ். போனால் ஒரு மணி நேரத்தில் திரும்பப் போட்டுக்கொள்ளலாம். பேரன் பிறந்தபோது எடுத்த போட்டோ? பேங்க் தளத்தில் திறந்திருக்கிற கணக்கு? இதெல்லாம் பயனர் அறையில்தான் இருக்கு. கோப்புகளைப் பூட்டிப் பணம் கேட்கிற நிரலுக்குச் சர்வ அதிகாரியின் தயவே வேண்டாம், உங்க அனுமதியே போதும். அந்த இடத்தில் மூன்று ஓ.எஸ்ஸும் கிட்டத்தட்ட ஒரே நிலைமைதான். போட்டோவை வேறு ஒரு வட்டில் நகல் எடுத்து, வட்டைக் கழட்டி அலமாரியில் வைத்தால்தான் தப்பிக்கலாம்.

இன்றைக்குத் திருடன் ஓட்டையைத் தேடி அலைவதும் குறைந்துவிட்டது. உங்களையே திறக்கச் சொல்கிறான். 2024-ல் இருந்து பரவலாக ஒரு தந்திரம் ஓடுகிறது. 'நான் ரோபோ இல்லை' என்று நிரூபிக்கச் சொல்லி ஒரு பக்கம் வரும். விண்டோஸ் பொத்தானோடு ஆர் அழுத்து, அப்புறம் ஒட்டு, அப்புறம் என்டர் அழுத்து என்று படிப்படியாகச் சொல்லும். நாமே நம்ம கையால் அவன் கட்டளையை ஓட்டிவிடுவோம். மேக்குக்கும் இதே மாதிரி உண்டு, டெர்மினலைத் திறந்து ஒட்டச் சொல்லும். 2023-ல் இருந்து சுற்றுகிற அட்டாமிக் ஸ்டீலர் என்கிற நிரல், மேக்கின் பெட்டி மாதிரியே ஒரு பெட்டி காட்டிப் பாஸ்வேர்டை அழகாகக் கேட்டு வாங்கிக்கொள்ளும். வீட்டுக்காரரே கதவைத் திறந்து காபி கொடுத்தால் பூட்டு பாவம் என்ன செய்யும்?

எங்கள் தெருவில் ரிட்டயர்டு வாத்தியார் ஒருவர் இருக்கிறார். கணக்கு வாத்தியார், ஏமாளி எல்லாம் கிடையாது. 2024-ல் அவருக்கு பேங்கில் இருந்து பேசுவதாக ஒரு போன். கே.ஒய்.சி. முடிந்துவிட்டது, இன்றைக்கே புதுப்பிக்காவிட்டால் கணக்கு முடங்கிவிடும் என்று ஒரு ஏ.பி.கே. கோப்பை வாட்ஸப்பில் அனுப்பினான். அவர் போன் புத்தம் புதுசு, எல்லா அப்டேட்டும் போட்டது. ஆண்ட்ராய்டு தன் கடமையைச் செய்தது, இது வெளியாள் கோப்பு, ஆபத்து என்று எச்சரித்தது. "அது அப்படித்தான் சார் வரும், அனுமதின்னு அழுத்துங்க" என்று அந்தப் பக்கம் இருந்தவன் பொறுமையாகச் சொல்லிக் கொடுத்தான். எஸ்.எம்.எஸ். படிக்கிற அனுமதியையும் வாங்கிக்கொண்டான். ஓ.டி.பி. எல்லாம் அவனுக்கே போனது. மகள் கல்யாணத்துக்கு என்று வைத்திருந்ததில் நாலு லட்சத்துக்கு மேல் போய்விட்டது. 1930-க்கு அவர் கூப்பிட்டது மறுநாள் காலையில். திரும்பி வந்தது ரொம்பக் கொஞ்சம்.

அந்தச் சம்பவத்துக்கு அப்புறம், எது சேஃப் என்று கேட்டால் நான் முதலில் திருப்பிக் கேட்பது: யாருக்கு? என்ன வேலைக்கு?

எங்க பெரியப்பா விஷயத்தை எடுத்துக்கோங்க. பாளையங்கோட்டையில் இருக்கிறார். தபால் துறையில் இருந்து ஓய்வு பெற்றவர், எழுபத்தி நாலு வயசு. 2016-ல் வாங்கின பொட்டி, ஆறாம் தலைமுறை ஐ3, விண்டோஸ் 10. பென்ஷன், டெபாசிட் எல்லாம் நெட் பேங்கிங்கில்தான் பார்ப்பார். அப்புறம் ரயில் டிக்கெட், யூட்யூபில் கச்சேரி, தமிழில் அவர் எழுதிக்கொண்டிருக்கிற குடும்பச் சரித்திரம். (நானூறு பக்கம் தாண்டிவிட்டது, நான் பிறக்கிற கட்டமே இன்னும் வரவில்லை.)

2025 அக்டோபர் 14-ந் தேதியோடு விண்டோஸ் 10-க்கு மைக்ரோசாஃப்ட் முற்றுப்புள்ளி வைத்தது. விண்டோஸ் 11 போட டி.பி.எம். 2.0 என்ற பாதுகாப்புச் சிப் வேண்டும், இன்டெல்லில் பெரும்பாலும் எட்டாம் தலைமுறைக்கு மேல் இருக்க வேண்டும். அவர் பொட்டி தேறாது. "ஏல, இது நல்லாத்தான ஓடுது? எதுக்குல மாத்தணும்?" என்றார். நியாயமான கேள்வி. நல்லா ஓடுகிற சாமானைத் தூக்கிப் போடு என்றால் யாருக்குத்தான் கோபம் வராது?

வழிகள் இருந்தன. மைக்ரோசாஃப்டே ஒரு வருஷம், 2026 அக்டோபர் 13 வரை, பாதுகாப்பு ஒட்டு மட்டும் தருவதாக அறிவித்தது. 30 டாலர் கட்டணும், இல்லையென்றால் அவர்கள் கணக்கில் சேர்ந்து அமைப்புகளை அவர்களிடம் நகல் வைக்கச் சம்மதித்தால் சும்மா கிடைக்கும். அது ஒரு வருஷத்துக்கு மூச்சு விடுகிற அவகாசம், அவ்வளவுதான். விதியை ஏமாற்றி விண்டோஸ் 11 போட்டுத் தர ஆட்கள் இருக்கிறார்கள். அப்படிப் போட்டால் அப்டேட் வரும் என்பதற்கு உத்தரவாதம் கிடையாது என்று மைக்ரோசாஃப்டே சொல்லிவிட்டது. ஒட்டு வேணும்னுதானே இவ்வளவு பாடு? குரோம்புக் யோசித்தேன். அதில் இ.எக்ஸ்.இ. கோப்பு ஓடாது, 2021-க்கு மேல் வந்த மாடல்களுக்குப் பத்து வருஷம் அப்டேட் என்று கூகுள் சொல்லியிருக்கிறது. பெரியப்பா மாதிரி ஆட்களுக்கு உண்மையிலேயே நல்ல பொருள். ஆனால் அவருக்கு அந்தப் பெரிய திரையும் தடக் தடக் என்கிற கீபோர்டும் வேணும்.

தீபாவளிக்குப் போனபோது மின்ட் போட்டேன். தமிழ்99 தட்டச்சு வருகிறதா என்பது மட்டும்தான் அவருக்குக் கவலை. வந்தது. பேங்க் தளமும் ரயில் டிக்கெட்டும் ஃபயர்ஃபாக்ஸில் ஒழுங்காகத் திறந்தன. பிரின்டர்தான் ஒரு மணி நேரம் படுத்தியது. அவருக்குச் சாதாரணப் பயனர் கணக்கு. நிர்வாகி பாஸ்வேர்டு பெரியம்மாவின் மளிகைக் கணக்கு நோட்டில் கடைசிப் பக்கத்தில் இருக்கு. புதுசாக எதைப் போடணும் என்றாலும் அவங்களிடம் கேட்டுத்தான் வாங்கணும். அவங்க பேரம் பேசாமல் கருவேப்பிலைகூட வாங்க மாட்டாங்க. அப்டேட் மட்டும் தானாகப் போடுகிற மாதிரி வைத்துவிட்டேன்.

2026 ஜனவரியில் அவருக்கு ஒரு போன். ஒரு பெரிய கம்பெனி பேரைச் சொல்லி, உங்க கம்ப்யூட்டரில் வைரஸ் இருக்கு, விண்டோஸ் பொத்தானையும் ஆரையும் அழுத்துங்க என்றிருக்கிறான். பெரியப்பா ஒன்றை விட்டு ஒன்றை அழுத்தினார். மெனு திறந்து, ஆர் எழுத்துக்கு எது எது ஒத்துவருமோ அதையெல்லாம் தேடிக் காட்டியது. "ரைட்டர்னு ஒண்ணு வருதுப்பா, அதைத் திறக்கவா?" என்று கேட்டாராம். "அது இல்ல சார், ரன்னுன்னு வரணும்." "அப்படி ஒண்ணும் இல்லையே. கால்குலேட்டர் வேணா இருக்கு." பத்து நிமிஷம் போராடிவிட்டு அவனே வைத்துவிட்டான்.

சிரிச்சு முடிச்ச பிறகு எனக்குக் கொஞ்சம் நடுக்கமாகத்தான் இருந்தது. அவன் கையில் இருந்தது விண்டோஸுக்கு எழுதின வசனம், அதனால் தப்பித்தோம். அடுத்தவன் கையில் போனுக்கு எழுதின வசனம் இருக்கும். அதே பேங்க் கணக்கு பெரியப்பாவின் சட்டைப் பையில் இருக்கிற போனிலும் இருக்கு. அடுத்த தடவை ஊருக்குப் போனபோது பேங்குக்குக் கூட்டிக்கொண்டு போய், ஒரு நாளைக்கு இவ்வளவுக்கு மேல் அனுப்ப முடியாது என்று வரம்பைக் குறைத்து வைத்தோம். வெளியாள் கோப்புகளை ஏற்றும் அனுமதியைப் போனில் ஒவ்வொன்றாக அணைத்தேன். 1930-ஐப் பெரியம்மா காலண்டரில் பெரிசாக எழுதி வைத்திருக்காங்க.

போனின் அமைப்புகளில் அப்டேட் பக்கத்தையும் பார்த்தேன். கடைசியாகப் பாதுகாப்பு ஒட்டு வந்தது 2023-ல். "நல்லாத்தான ஓடுது?" என்கிறார். அடுத்த பஞ்சாயத்து அதுதான்.